ஆளைக் கொண்டு வா, காரணத்தைச் சொல்: ஆட்கொணர்வு மனு என்றால் என்ன?

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பையனை இரவு பதினொன்றரை மணிக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "விசாரணை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் அவன் அம்மா பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடினார். "அப்படி யாரும் இங்கே இல்லையேம்மா" என்றார்கள். அடுத்த ஸ்டேஷனிலும் அதே பதில். மத்தியானத்துக்குள் தெருவே அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. கலெக்டரைப் பாருங்கள் என்றார் ஒருவர். மனித உரிமை கமிஷனுக்கு எழுதுங்கள் என்றார் இன்னொருவர். "ஒண்ணும் பண்ணாமயா பிடிச்சுட்டுப் போவாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தவர்களும் உண்டு. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தான், "நேரம் கடத்தாதீங்கம்மா, வக்கீலைப் பார்த்து உடனே ஹெச்.சி.பி. போடச் சொல்லுங்க" என்றார்.

ஹெச்.சி.பி. என்பது ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன். தமிழில் ஆட்கொணர்வு மனு. செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கும் சொல்தான். ஆனால் காணாமல் போனவரைத் தேடித்தரும் மனு என்று சிலர் நினைக்கிறார்கள். ஜாமீனுக்கு இன்னொரு பெயர் என்று சிலர். குற்றவாளிகள் தப்பிக்க வைத்திருக்கும் சந்து என்று பலர். மூன்றும் தவறு. மனித உரிமைச் சட்டத்தில் மிகப் பழைய, மிகக் கூர்மையான கருவி இது. மனித உரிமைச் சட்டம் இல்லாமல் ஜனநாயகம் ஏன் நிற்காது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த ஒரு மனுவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அடகுக் கடை ரசீது

அடகுக் கடையில் ஒரு ஜோடி வளையலை வைக்கிறோம். கடைக்காரர் எடை போட்டு, ரசீது எழுதித் தருகிறார். என்ன பொருள், எந்தத் தேதி, எவ்வளவு பணத்துக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கே போய், "என் வளையலைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றால் அவர் காட்டித்தான் ஆகவேண்டும். "எந்த வளையல்? நீங்கள் இங்கே வரவே இல்லையே" என்று சொன்னால், அது அடகு இல்லை, திருட்டு.

இப்போது வளையலுக்குப் பதில் ஓர் ஆளை வைத்துப் பாருங்கள். அரசாங்கம் ஓர் ஆளைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அதற்கு அந்த அதிகாரம் உண்டு. கொலை செய்தவனைப் பிடிக்காத அரசாங்கத்தை யாரும் விரும்பமாட்டோம். ஆனால் எடுத்ததற்கு ரசீது வேண்டாமா? எப்போது எடுத்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், எந்தச் சட்டத்தின்படி, எதற்காக? கேட்டால் காட்டவேண்டாமா?

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் தடுக்கும். வளையலை நாமே கொண்டுபோய் வைத்தோம்; ஆளை அவர்களாக வந்து எடுத்தார்கள். வளையல் பெட்டிக்குள் வலியில்லாமல் இருக்கும். ஆள் அப்படி இருக்கமாட்டார். அதனால் ஆளுக்கான ரசீது வளையலுக்கானதைவிடக் கண்டிப்பாக இருக்கவேண்டும். அந்த ரசீதைக் கேட்கும் வழிதான் ஆட்கொணர்வு மனு.

உத்தரவு யாருக்கு?

'ஹேபியஸ் கார்பஸ்' என்ற லத்தீன் தொடருக்கு "உடலை உன்னோடு கொண்டு வா" என்று பொருள் சொல்லலாம். நீதிமன்றம் இதை யாரிடம் சொல்கிறது என்று கவனிக்கவேண்டும். பிடிபட்டவரிடம் அல்ல, பிடித்து வைத்திருப்பவரிடம். உன் கையில் இருக்கும் ஆளோடு வந்து நில், வைத்திருப்பதற்குக் காரணம் சொல், காரணம் சட்டப்படி இல்லையென்றால் விட்டுவிடு. அவ்வளவுதான்.

இப்படி உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ அரசுக்கும் அதிகாரிகளுக்கும் நேரடியாகப் போடும் ஆணைக்கு நீதிப்பேராணை என்று பெயர். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக வழக்கில் இருந்து, 1679-இல் தனிச் சட்டத்தால் உறுதியானது. அங்கிருந்து நம் நீதிமன்றங்களுக்கு வந்தது.

தமிழ்ச் சொல்லிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆள் கொணர்வு. நல்ல ஆள், கெட்ட ஆள் என்று அதில் இல்லை. அரசியலமைப்பின் 21-வது பிரிவும் 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 'நபர்' என்றுதான் சொல்கிறது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எந்த நபருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்பது அதன் சாரம். வெளிநாட்டவர், அகதி, தண்டனைக் கைதி எல்லோரும் அந்த 'நபர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

நம் அரசியலமைப்பில் இது எங்கே இருக்கிறது?

மனித உரிமை என்பது மனிதராகப் பிறந்ததால் வருவது, எந்த அரசும் கொடுத்தது அல்ல. அதில் சிலவற்றை ஒரு நாடு தன் அரசியலமைப்பில் எழுதி, மீறினால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வைக்கும்போது அது அடிப்படை உரிமை ஆகிறது.

கைது பற்றிய உரிமைகள் 22-வது பிரிவில் இருக்கின்றன. ஏன் கைது செய்கிறோம் என்று சொல்லவேண்டும். விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். இவை மீறப்பட்டால் 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கும், 32-வது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். இந்த 32-வது பிரிவைத்தான் அம்பேத்கர் அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்றார். அவர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: உரிமையை எழுதிவைப்பது சுலபம், கேட்கப் போக ஓர் இடம் இல்லாவிட்டால் அது வெறும் எழுத்து.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அரசு ஓர் ஆளைப் பிடிக்கலாம். பிடித்தால் காரணம் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் காட்டவேண்டும். செய்யாவிட்டால், "ஆளைக் கொண்டு வா" என்று கேட்கும் ஆணைக்குப் பெயர் ஆட்கொணர்வு நீதிப்பேராணை.

மனு போட்டால் என்ன நடக்கும்?

மற்ற மனுக்களைப் பாதிக்கப்பட்டவர்தான் போடவேண்டும் என்பது பொது விதி. உள்ளே அடைபட்டவரால் வக்கீலைத் தேடி வரமுடியாது. அதனால் இந்த மனுவை அம்மா போடலாம், மனைவி போடலாம், நண்பர் போடலாம். திகார் சிறையில் இன்னொரு கைதி சித்திரவதைப்பட்டதைப் பற்றி சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் 1979-இல் மனுவாக ஏற்றுக்கொண்டது.

மனுவைப் பார்த்ததும் நீதிமன்றம் போலீசுக்கு நோட்டீஸ் அனுப்பும். ஆள் எங்கே, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும். இதற்குள்ளேயே பல விஷயங்கள் நடந்துவிடும். "இங்கே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஆள் மாஜிஸ்திரேட் முன் வந்து நிற்பார், அல்லது வீடு திரும்பிவிடுவார். எங்கள் தெருப் பையன் அதற்கும் முன்பே வந்துவிட்டான். வக்கீல் மனுவைத் தயார் செய்துகொண்டிருந்த இரண்டாம் நாள் மாலையே அவனை பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வலது காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவுக்குள் வந்தான்.

ஜாமீனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மாஜிஸ்திரேட் ஒருவர் விசாரித்துக் காவலில் வைக்க உத்தரவு போட்டுவிட்டால் அதற்கு ரிமாண்ட் என்று பெயர். அதன்பின் பொதுவாக ஜாமீன்தான் வழி. ஆட்கொணர்வு மனு, சட்ட ஆதாரமே இல்லாத காவலுக்கு.

அந்தக் காவல் அரசாங்கக் காவலாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. நம் உயர் நீதிமன்றத்துக்கு வரும் ஹெச்.சி.பி.க்களில் நிறைய, "என் மகளைக் காணோம்" என்று பெற்றோர் போடுபவை. போலீஸ் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து நீதிபதிகள் முன் நிறுத்தும். பெற்றோர் ஒரு பக்கம் அழுதுகொண்டு நிற்பார்கள், கல்யாணம் செய்துகொண்ட பையன் ஒரு பக்கம் நிற்பான். நீதிபதி பெண்ணிடம் வயதைக் கேட்பார். பதினெட்டு தாண்டியவள் என்றால் அடுத்த கேள்வி: "நீ யார்கூடப் போகணும்னு நினைக்கிறே?" அவள் சொல்வதோடு மனு முடிந்துவிடும். பெற்றோர் தங்களுக்காக மனு போட்டதாக நினைத்திருப்பார்கள். மனு அந்தப் பெண்ணுக்கானது.

தண்டனை முடிந்த பிறகும், விடுதலையான பிறகும்கூட ஆட்கள் உள்ளேயே கிடந்திருக்கிறார்கள். பீகாரில் ருதுல் ஷா என்பவரை முசாபர்பூர் செஷன்ஸ் கோர்ட் 1968 ஜூன் 3-இல் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் சிறையை விட்டு வெளியே வந்தது 1982 அக்டோபர் 16-இல். விடுதலை ஆகி 14 வருடம் உள்ளே. உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 1983-இல் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பதினான்கு வருடத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் உரிமையைப் பறித்தால் அரசு பணம் கொடுக்கவேண்டும் என்ற வழி அந்த மனுவில்தான் திறந்தது.

குண்டாஸ்: விசாரணை இல்லாத சிறை

சரி, இனி கொஞ்சம் சிக்கலான இடம். 22-வது பிரிவே ஒரு பெரிய விலக்கையும் வைத்திருக்கிறது. குற்றம் செய்ததற்காக அல்லாமல், இனிமேல் செய்துவிடுவார் என்ற கணிப்பில் ஒருவரை அடைப்பதற்குத் தடுப்புக்காவல் என்று பெயர். அதற்கு 24 மணி நேரக் கணக்கு கிடையாது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் இது இருப்பதே எனக்கு உறுத்தலான விஷயம்.

நம் ஊரில் இதன் பெயர் 'குண்டாஸ்'. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-வது சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால், ஒருவரை விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். பதிலுக்குச் சட்டம் சில கெடுக்களை வைத்திருக்கிறது. 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்கவேண்டும், 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தரவேண்டும், 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்தின் (காவல் தேவையா என்று பார்க்கும் குழு) முன் வைக்கவேண்டும். கைதி அரசுக்கு முறையீடு எழுதலாம், அதை அரசு தாமதமில்லாமல் பரிசீலிக்கவேண்டும்.

"குண்டாஸ் ரத்து, ஹைகோர்ட் உத்தரவு" என்று செய்தி வந்ததும், டெக்னிக்கல் காரணம் சொல்லி ரவுடியை விட்டுவிட்டார்கள் என்று திட்டுகிறோம். அந்த டெக்னிக்கல் காரணம் என்ன என்று கிட்டே போய்ப் பாருங்கள். கைதிக்குக் கொடுத்த ஆவணக் கட்டில் ஒரு பக்கம் ஜெராக்ஸ் கறுத்துப்போய்ப் படிக்க முடியாமல் இருக்கும். அல்லது தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்திருப்பார்கள். அல்லது முறையீடு ஏதோ ஒரு மேசையில் காரணமே இல்லாமல் பல நாள் தூங்கியிருக்கும். இவை ஏன் முக்கியம்? அவருக்கு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு இல்லை. வழக்கு விசாரணையே இல்லை. அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் இல்லை. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்குப் பெரிதும் இருப்பது அந்தக் காகிதக் கட்டும் ஒரு முறையீடும்தான். அதில் ஒரு பக்கம் கறுத்திருந்தால், எதற்கு பதில் எழுதுவார்?

இந்தப் பாதையின் முதல் பெரிய வழக்கு சென்னையிலிருந்தே போனது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னைச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்தபடி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1950 மே மாதம் தீர்ப்பு. அவரது காவல் செல்லும் என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. ஆனால், காவலுக்கான காரணங்களைக் கைதி கோர்ட்டில்கூட வெளியிடக்கூடாது என்று சட்டத்தில் இருந்த ஒரு பிரிவை நீதிபதிகள் செல்லாது என்றார்கள். காரணத்தை மறைத்துவிட்டால் இந்த மனுவுக்கே வேலை இருக்காது இல்லையா. சட்டத்தில் எழுதியிருந்தால் போதும் என்ற அந்தப் பெரும்பான்மைக் கருத்து மாற 28 வருடம் பிடித்தது. நடைமுறை நியாயமானதாகவும் இருக்கவேண்டும் என்று 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஓட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜனநாயகம் என்றால் தேர்தல்தானே, பெரும்பான்மை ஓட்டு வாங்கிய அரசாங்கம் செய்வதில் கோர்ட் ஏன் தலையிடவேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது.

1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை வந்தது. அப்போதிருந்த அரசும் தேர்தலில் ஜெயித்து வந்த அரசுதான். விடிவதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய் போன்ற எதிர்க்கட்சித் தலைவர்கள் காவலில் இருந்தார்கள். கருவி, மிசா என்ற தடுப்புக்காவல் சட்டம். ஜூன் 27-இல், 21, 22 உள்ளிட்ட பிரிவுகளுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகமுடியாது என்று குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறை அரசியல் கைதிகளால் நிறைந்தது. அங்கே அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் இறந்துபோனார். 'மிசா' என்பது பெயருக்கு முன்னால் போடும் அடைமொழியாகவே தமிழில் தங்கிவிட்டது.

அப்படியும் பல ஊர்களில் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டார்கள். 9 உயர் நீதிமன்றங்கள், மனுவை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இருக்கிறது என்று துணிந்து கூறின. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. அதன் வாதத்தின்போது நீதிபதி ஹெச்.ஆர். கன்னா, மத்திய அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலைப் பார்த்துக் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் வழி கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை, தன் வாதப்படி, கிடையாது என்பதுதான் கிடைத்த பதில். 1976 ஏப்ரல் 28-இல் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசு பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். கன்னா மட்டும் மாறுபட்டார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவிக்கு மூப்புப்படி அவர் வரவேண்டும். அவரைத் தாண்டி எம்.ஹெச். பெக்கை நியமித்தார்கள். கன்னா ராஜினாமா செய்தார்.

யார் எங்கே இருக்கிறார் என்று பதில் சொல்லத் தேவையில்லாத அரசு, தன்னை எதிர்த்து யார் பேசலாம், யார் தேர்தலில் நிற்கலாம் என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும். 1977 தேர்தல் அறிவிப்பின்போது தலைவர்களை வெளியே விட்டதால்தான் அது தேர்தலாக இருந்தது. அவர்கள் உள்ளேயே இருந்து ஓட்டுப்பெட்டி மட்டும் வந்திருந்தால், அதை என்னவென்று சொல்வது? ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. "ஆளைக் காட்டு" என்ற கேள்வி இடைப்பட்ட ஒவ்வொரு நாளும் வேலை செய்யவேண்டும்.

பின்னர் 1978-இன் 44-வது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளைக் கோர்ட்டில் கேட்கும் உரிமையை முடக்க முடியாது என்று ஆக்கியது. 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் தீர்ப்பையே தவறு என்று தள்ளியது. தள்ளி எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், 1976-இல் பெரும்பான்மையோடு நின்ற ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: தேர்தல் அரசை உண்டாக்குகிறது. அந்த அரசு எதிராளியை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது மனித உரிமைச் சட்டம். இரண்டில் எது போனாலும் மற்றது ரொம்ப நாள் தாங்காது.

ஆள் திரும்பி வராதபோது

கேரளத்தில் ராஜன் என்ற மாணவர். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி. 1976 மார்ச் 1-ஆம் தேதி அதிகாலை போலீஸ் கொண்டுபோனது. அவர் அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், ஒரு வருடம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை விலகியதும், 1977 மார்ச் மாதமே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைப் பிடிக்கவே இல்லை என்றது அரசு. நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துவிட்டு அதை நம்ப மறுத்தது, ஆளைக் கொண்டு வரச் சொன்னது. கொண்டுவர முடியவில்லை. கக்கயம் போலீஸ் முகாமில் நடந்த சித்திரவதையில் ராஜன் இறந்துபோயிருந்தார். இந்த வழக்கின் காரணமாக, முதல்வராகி ஒரு மாதமே ஆன கே. கருணாகரன் 1977 ஏப்ரலில் பதவி விலகினார். ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. உடலைக் கொண்டு வா என்ற ஆணைக்கு ஓர் அரசிடம் உடலே இல்லை.

கடல் தாண்டினால் இதே கேள்வி இன்னும் பெரிதாக நிற்கிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, பல குடும்பங்கள் தங்கள் ஆட்களை ராணுவத்திடம் தங்கள் கண்முன்னே ஒப்படைத்தன. அவர்கள் திரும்பவில்லை. மனைவிமாரும் தாய்மாரும் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் படங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் கேட்டது அதே ஒற்றைக் கேள்விதான். அவர்கள் காணாமல் போனவர்கள் என்று சொல்வதில்லை. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்கிறார்கள். அந்தச் சொல்லில் ரசீது தராதவர் யார் என்பதும் இருக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் மனுவின் பலம், எடுத்துக்கொண்டு போன நிமிடத்தை யாராவது குறித்து வைத்திருந்தார்களா என்பதில் இருக்கிறது. 2013-இல் தந்தி சேவை நிற்கும்வரை, யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் வீட்டார் முதலில் ஓடியது தந்தி ஆபீசுக்கு. கலெக்டருக்கும் மேலதிகாரிகளுக்கும் தந்தி அடிப்பார்கள். பதில் வரும் என்பதற்காக அல்ல, அதில் நேரம் பதிவாகும் என்பதற்காக. இப்போது அந்த வேலையை மின்னஞ்சலும் பதிவுத் தபால் ரசீதும் செய்கின்றன. நேரம், வண்டி எண், வந்தவர்களின் அடையாளம், யார் யார் பார்த்தார்கள், எந்த ஸ்டேஷனில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு, அதே நாளில் வக்கீலைப் பார்க்கவேண்டும். காசில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். காவலில் இருப்பவருக்கு அங்கே இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு.

எங்கள் தெரு அம்மா பெரிதாகப் படித்தவர் இல்லை. அன்று மத்தியானம் குமாஸ்தா பெரியவர், "எப்போ வந்தாங்க, வண்டி நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டபோது, அவர் உள்ளே போய் ஒரு தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் தேதித் தாள். அதன் பின்பக்கம் பென்சிலால் ஜீப் நம்பரும், "11.35" என்றும் எழுதியிருந்தது.